குட்டையிலிருந்து முப்பத்திரண்டு தப்படி

தெங்கான் அயம்காவுக்குத் தர வேண்டிய கூலிக் காசு நானூற்று இருபது சீடி. ஏழு லோடு, லோடுக்கு அறுபது. வா என்கிற நகரத்து வீடுகளில் மலக்குழி உறிஞ்சும் லாரி, கோடையில் தெங்கானின் வயலில் வந்து கொட்டிவிட்டுப் போகும். அதைப் பரப்பிக் காயவைத்து, பாளம் பாளமாய் வெடித்ததும் மண்வெட்டியால் உடைத்து எருவாக்குவது அயம்காவின் வேலை. மழை விழுந்ததும் அதன்மேல் மக்காச்சோளம் போடுவார்கள்.

அந்த வேலைக்கு ஊரில் வேறு ஆள் கிடைக்காது. செய்கிறவன் பக்கத்தில் உட்காரவும் ஆள் கிடைக்காது. சோளத்தில் பீட்டோ என்கிற மது காய்ச்சி விற்கும் வீட்டில் பெஞ்சின் ஓரம் அவனுக்கு. சுரைக்குடுவையும் தனி.

காசை அழுத்திக் கேட்கவும் முடியவில்லை. அயம்கா ஃபிராஃபிரா, ஊர் முழுக்க டகாபா. இரண்டு இனத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி உறவு. ஒருவரையொருவர் அடிமை என்று கூப்பிடலாம், சாவு வீட்டிலும் வம்பிழுக்கலாம், கோபம் மட்டும் கூடாது. கோபப்பட்டவன்தான் தோற்றவன்.

கூலி கேட்டால் தெங்கான், "அடிமைக்கு எதுக்குடா கூலி? நாய்த்தலை ஒண்ணு கொண்டா, அப்புறம் பாக்கலாம்" என்பான். நாய்க்கறியில் தலை யாருக்கு என்பது இரண்டு இனத்துக்கும் பழைய வம்பு. பெஞ்சு குலுங்கும். அயம்காவும் சிரிக்க வேண்டும். பதினோரு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். அந்த ஊரில் கேலி கலக்காமல் ஒரு வார்த்தை அவனிடம் யாரும் பேசியதில்லை.

இந்தத் தடவை காசு அவசரம். அப்பா இறந்து மூன்று வருஷம். கடைசிச் சடங்கை மழைக்கு முன்னால் முடித்துவிடப் போவதாகத் தம்பி சொந்த ஊரிலிருந்து போன் செய்திருந்தான். மூத்த மகன் ஆடு கொண்டுவர வேண்டும். ஆடும் பஸ் கூலியுமாகச் சேர்ந்தால் அந்த நானூறு சரியாகப் போய்விடும்.

ஊர் குடிப்பது குட்டைத் தண்ணீர். தண்ணீரிலிருந்து நூறு மீட்டருக்குள் இந்த எரு விழக்கூடாது என்பது மாவட்ட மன்றத்தின் சட்டம். பிப்ரவரியில் சுகாதார அதிகாரி நாடா கொண்டுவந்து அளந்தார். தண்ணீர் ஓரம் நாடாவின் நுனியைப் பிடித்து நின்றது அயம்காதான். நூறாவது மீட்டரில் சுண்ணாம்பு அடித்த கல்லை வைத்துவிட்டு அதிகாரி மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்.

ஏப்ரலில் ஒரு நாள், எருவோடு கலக்க மண் எடுப்பதற்காகக் கல்லுக்குக் கீழே சரிவில் வெட்டினான். மண்வெட்டியில் நத்தை ஓடுகள் தட்டுப்பட்டன. கூடவே காய்ந்த அல்லிக் கிழங்கு. அல்லி வயலில் முளைக்காது. நிமிர்ந்து பார்த்தான். தண்ணீர் எங்கோ கீழே, நடுக்குழியில் தாம்பாளம் மாதிரி கிடந்தது. அதிகாரி அளந்தது அந்தத் தாம்பாளத்திலிருந்து. நிறைந்த குட்டையிலிருந்து இல்லை. ஓடு கிடந்த இடத்திலிருந்து எரு வரைக்கும் நடந்து எண்ணினான். முப்பத்திரண்டு தப்படி. முதல் பெருமழைக்கே கீழ்ப்பக்கத்து இரண்டு லோடும் கரைந்து தண்ணீரில் இறங்கிவிடும். நாடாவைப் பிடித்தது தன் கை என்பது அவனை உறுத்தியது.

சாயங்காலம் பீட்டோ வீட்டில் சொன்னான். மழைக்கு முன்னால் எருவை வாரி மேலே கொண்டுபோக வேண்டும் என்றான். பீட்டோ காய்ச்சும் ஆயூவோதான் முதலில் சிரித்தாள்.

"கேட்டீங்களா, நம்ம பீயை நாமளே குடிக்கிறோமாம். அடிமைக்கு வாய் நீண்டுபோச்சு."

நல்ல கேலி என்று ஒருவர் அவனுக்கு ஒரு குடுவை வாங்கிக் கொடுத்தார். அவன் மறுபடி சொன்னான். மறுபடி சிரித்தார்கள். மூன்றாம் தடவை சொல்ல வாயைத் திறந்தவன், பீட்டோவைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

அதிகாரிக்குப் போன் செய்தான். கல் வைத்தாயிற்றே, மழை முடியட்டும், வந்து பார்க்கிறேன் என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் தனியாளாக வாரினான். ஒரு தள்ளுவண்டி. ஒரு லோடில் கால்வாசிகூட நகரவில்லை. தண்ணீர் எடுத்துப் போன பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, அடிமை யாருக்கு மாளிகை கட்டுகிறான் என்று கேட்டுப் போனார்கள். கிழக்கே மேகம் கறுத்துக் கறுத்துக் கலைந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தெங்கான் வந்தான். பன்றி விற்ற காசு, இதைவிட்டால் வீட்டில் வேறு காசில்லை என்றான். அயம்காவுக்கு மறுநாள் பஸ்.

"இந்தாடா அடிமை. அப்பனை நல்லா அனுப்பி வை. வர்றப்ப என் நாய்த்தலையை மறந்துடாத."

அயம்கா நோட்டுகளை எண்ணினான். சரியாக இருந்தது. எண்ணி முடித்து அவன் கையிலேயே திருப்பி வைத்தான்.

"எனக்கு வேணாம். டிராக்டரும் நாலு ஆளும் பிடி. கீழ கிடக்கிற ரெண்டு லோடையும் மேல ஏத்திடு."

தெங்கான் சிரித்தான். அயம்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தெங்கான் நோட்டுகளை நீட்டியபடியே நின்றான். கேலிக்காக ஃபிராஃபிரா என்ன வேண்டுமானாலும் சொல்வான். கேலிக்காக நானூற்று இருபது சீடியை விடமாட்டான்.

"அப்ப அன்னைக்கு நீ சொன்னது..."

"நெசம்தான்."

"உங்கப்பா காரியம்?"

"தம்பி பாத்துக்குவான். மூத்தவன் வரலைன்னு பேசுவாங்க. பேசட்டும்."

தெங்கான் சரிவில் இறங்கி, நத்தை ஓட்டைக் காலால் புரட்டிப் பார்த்தான். அங்கிருந்து எரு வரைக்கும் தானும் நடந்து எண்ணினான். பிறகு டிராக்டர்காரனைத் தேடிப் போனான்.

மத்தியானம் டிராக்டர் வந்தது. ஆயூவோகூட ஒரு மண்வெட்டியோடு வந்து நின்றாள். மறுநாள் பஸ் புறப்படுகிற நேரத்தில் அயம்கா டிரெய்லர் மேல் நின்று எருவைத் தள்ளிக்கொண்டிருந்தான். அந்த இரண்டு நாளும் அவனை யாரும் அடிமை என்று கூப்பிடவில்லை. "அயம்கா, அந்தப் பக்கம் பிடிங்க" என்றார்கள். வேறு யாரையோ கூப்பிடுவது போலிருந்தது. கேலியை எடுத்துவிட்டால், அவனிடம் பேச அவர்களுக்கு வேறொன்றும் இல்லை. வேலை நடுவில் ஓய்ந்து உட்கார்ந்தபோது அவர்கள் நிழலில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அவன் வழக்கம்போலத் தள்ளி உட்கார்ந்தான். யாரும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தெங்கான் எண்ணிக் கொடுத்தான். டிராக்டருக்கு இருநூற்று நாற்பது, நாலு ஆளுக்கு நூற்று அறுபது. மீதி இருபதை அயம்காவிடம் நீட்டினான். அதில் ஆட்களுக்குப் பீட்டோ வாங்கிக் கொடுக்கச் சொன்னான் அயம்கா.

"அப்ப நமக்குள்ள பாக்கி ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல."

தெங்கான் தலையாட்டினான். நாய்த்தலை கேட்காமல், சிரிக்காமல், வீட்டைப் பார்த்து நடந்தான்.