தேரைத் தோல் கசாயம்

2008 பங்குனியில், சண்டையால் பாதை மூடிக் கிடந்த கிளிநொச்சியில், நீரிழிவுக்குப் போடும் சலரோகக் குளிசை கிடைப்பது அரிதாகிவிட்டது. மார்கிறட் நாளுக்கு இரண்டு போட்டதை ஒன்றாக்கி, பிறகு அரையாக்கி, கடைசியில் வெறும் உறையைக் கசக்கி எறிந்தாள். பாதத்தில் சின்னவிரலடிப் புண் ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது. காலை எடுக்கவேண்டி வருமோ என்று அவள் நடுங்கினாள். அவளைவிட அதிகமாக நடுங்கியவர் கணவர் பஸ்தியாம்பிள்ளை. சுனாமி பிள்ளைகளைக் கொண்டுபோனபின், முல்லைத்தீவுக் கடலை விட்டு இரணைமடுக் குளத்தில் வலை போடுகிறவர் அவர். மிஞ்சியது மனைவி மட்டுமே.

அந்தக் கிழமை ரேடியோவில் ஒரு செய்தி. தென்னமெரிக்கத் தவளை ஒன்றின் தோலில் உள்ள பொருள் இன்சுலினைச் சுரக்க வைக்கிறதாம்.

“கேட்டனியே? தவளைத் தோலாம்!”

“விசர்க்கதை கதையாமல் சாப்பிடுங்கோ.”

மறுநாள் கோயிலால் திரும்பியவள் குசினி வாசலில் உறைந்து நின்றாள். அடுப்பில் சட்டி கொதித்தது. பக்கத்தில் தோல் உரித்த தேரைகள். பஸ்தியாம்பிள்ளை குடித்ததையெல்லாம் சத்தி எடுத்துத் தரையில் கிடந்தார்.

“ஐயோ, என்ன செய்தனீங்கள்?”

“உனக்குத்தான்... முதல் நான் குடிச்சுப் பாத்தன்...”

அவர் நெஞ்சில் கை வைத்தாள். துடிப்பு நின்று நின்று வந்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் இனி வராதோ என்று அவள் அலறினாள். அலறல் கேட்டு, அயல்வீட்டுச் சிவராசா மோட்டார்சைக்கிளோடு ஓடிவந்தான். மார்கிறட் கணவரை நடுவில் இருத்தி, பின்னால் ஏறிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பாதி வழியில், குண்டு போட வரும் இராணுவத்தின் கிபிர் விமானம் இரைந்தது. சனம் பங்கருக்குள் பாய்ந்தது.

“இறங்கிப் படுப்பமோ அக்கா?”

“நிப்பாட்டாதை தம்பி! ஓடு!”

எங்கோ குண்டு விழுந்து நிலம் அதிர்ந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடி மாதாவைக் கூப்பிட்டாள்.

ஆசுப்பத்திரியில் டொக்டர் ஊசி போட்டு, பொழுதுபடும்வரை பக்கத்திலேயே நின்றார். துடிப்பு சீரானதும்தான் பேசினார்.

“ஐயா, ரேடியோவிலை சொன்னது வேறை தவளை. அதின்ரை தோலிலை இருந்து ஒரு சின்னப் புரதத் துண்டைப் பிரிச்செடுத்து ஆய்வுகூடத்திலை சோதிச்சிருக்கினம். அது மருந்தாக இன்னும் எத்தினை வருசமோ. நீங்கள் அவிச்சது தேரை. அதின்ரை தோல் நஞ்சு, இதயத்தையே நிப்பாட்டிப்போடும்.”

பிறகு மார்கிறட்டின் காலைப் பார்த்தார். புண்ணில் சுற்றிய துணி இரத்தத்தில் ஊறியிருந்தது. அடுத்த நாளே சின்னவிரலை எடுத்தார்கள். கால் தப்பியது. தேடிப் பிடித்து ஒரு கிழமைக்குக் குளிசையும் கொடுத்தார்கள்.

“இது முடிஞ்சால் என்ன செய்யிறது?” என்றார் பஸ்தியாம்பிள்ளை.



“நீங்கள் ஒண்டும் அவிக்காதேங்கோ,” என்றாள். குளிசைகளை எண்ணிப் பார்த்து, முதலாவதைப் பாதியாக உடைத்தாள்.