பாயில் பாதி

ரங்கிக்கு நாற்பது வயதாகிறது. இப்போது போய் இப்படியொரு ஆசை! சக் சக்கென்று குரலெழுப்பிப் பாடும் ஆண்களின் வட்டத்துக்கு நடுவில், விளக்கு வைக்கிற இடத்தில், ஒரு பொழுது உட்கார வேண்டுமாம். கணவன் கெஜோர் முடியவே முடியாது என்று ஒரே போடாகப் போட்டான்.

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஊரில் வாந்திபேதி வந்த வருஷம் அவளுக்கு ஒன்பது வயது. நோய் விலகட்டுமென்று கோயிலில் அவளையும் தோழி தீலெமையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் புகை காட்டுவார்கள். பெண்கள் பாடுவார்கள், ஆண்கள் சுற்றி உட்கார்ந்து சக் சக்கென்று குரல் கொடுப்பார்கள். தேவதை இறங்கியதும் இரண்டு பிள்ளைகளும் கண்ணை மூடியபடியே ஆடுவார்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆடினீர்கள் என்று ஊரே சொன்னது. சொல்லி என்ன பிரயோஜனம்? தீர்த்தம் தெளித்து எழுப்பினால் ஒன்றுமே ஞாபகம் இருக்காது. ஊரைக் காப்பாற்ற ஆடிய தீலெமையே கடைசியில் அந்தப் பாழாய்ப்போன நோய் கொண்டுபோயிற்று. அவள் ஆடி ரங்கி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அந்தக் குரலை நடுவில் உட்கார்ந்து, விழித்திருந்து கேட்டால், தோழியின் ஒரு கையசைவாவது திரும்பி வராதா என்பதுதான் அவள் ஏக்கம்.

இப்போது அதே சக் குரலை வைத்து, பாலித் தீவுக்கு டச்சுக் கப்பலில் வந்திறங்கும் விருந்தாளிகளுக்காக ராமன் கதை ஆடுகிறார்கள். அந்த நாளில் பதினாலு வயதுப் பொடியனாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்த கெஜோர்தான் இன்று முதல் குரல் கொடுத்துத் தாளம் பிடிக்கிறவன்.

அன்று சாயங்கால ஒத்திகைக்குச் சீதை வேஷக்காரன் வரத் தாமதமாயிற்று. ரங்கி கையில் சொம்பும் கக்கத்தில் பாயுமாக வட்டத்துக்குள் வந்து நின்றாள்.

"மறுபடி சாமி வந்துட்டா என்னடி பண்றது?" என்றான் கெஜோர்.

"அதான் தீர்த்தம் கொண்டாந்திருக்கேன்ல. நாப்பது வயசுக் கிழவி மேல எந்தத் தேவதை வந்து எறங்கப்போகுது?"

வட்டமே சிரித்தது. கெஜோர் நடுவிலிருந்த விளக்கை எடுத்து ஓரமாக வைத்தான்.

அவள் பாயை விரித்து நட்டநடுவில் உட்கார்ந்தாள். ராவணன் சீதையைத் தூக்கிப்போகிற வேகமான இடம்தான் அன்றைக்கு ஒத்திகை. கெஜோர் வாயைத் திறந்தான். வந்ததோ தேவதையை அழைக்கும் பழைய நிதானத் தாளம். தப்பென்று அவனுக்கே தெரிந்தது. ஆனால் அந்தத் தாளத்தை எடுத்துவிட்டால், தீர்த்தம் தெளிக்காமல் பாதியில் நிறுத்தக் கூடாது. நூறு ஆண்களும் மறுபேச்சில்லாமல் சேர்ந்துகொண்டார்கள்.

ரங்கி கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். குரல் முதுகில் மோதியது, காதை நிறைத்தது. அவ்வளவுதான். தேவதையும் வரவில்லை, தீலெமும் வரவில்லை. கெஜோர் எழுந்து வந்து தீர்த்தம் தெளித்தான்.

"ஒண்ணும் வரல," என்றாள். "முப்பது வருஷமா நெனச்சிட்டிருந்தேன். ஒண்ணுமே வரல."

அவன் பாயைக் காட்டினான். நடுவில் உட்கார்ந்தவள் இப்போது இடது ஓரத்தில் இருந்தாள்; ஒரு முழங்கால் தரைக்கே வந்திருந்தது. எப்போது நகர்ந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கொரல் எடுத்ததுமே நகந்துட்ட," என்றான் கெஜோர். "அவ எப்பவும் வலப்பக்கந்தான் உக்காருவா."

ரங்கி காலியாகக் கிடந்த அந்தப் பாதியில் கையை வைத்து அழுதாள். சீதை வேஷக்காரன் வந்து ஓரமாக நின்றான். அவளை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.