கழற்றி வைத்த சைக்கிள் மணிகள்

பாண்டிச்செல்வத்தைத் திட்டக்கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன். என்னால் முடியாது போலிருக்கிறது. பத்து வருடம் எனக்குப் பின்னாலேயே சைக்கிள் மிதித்து வந்தவன் அவன். கூட்டாளி என்று நம்பிய ஒருத்தனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டா ஓட்ட முடியும்?

நான் ஹபீப் ரகுமான். ராஜபாளையத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பதினொரு மணிக்குத்தான் திறப்பேன். அதுவரை சைக்கிள். பாண்டிச்செல்வம் பட்டாளத்திலிருந்து வந்தபின் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். அங்கிருந்து மிதித்து வருவான். செட்டியார்பட்டி டீக்கடையில் இருவரும் சேர்ந்துகொண்டு தேவதானம் பக்கம் மலையடிவாரத்துக்குப் போவோம்.

அங்கே மலையை ஒட்டி மூன்று கண்மாய்கள். எந்தக் காலத்து ராஜா வெட்டியதோ தெரியாது. நடுவில் இருக்கும் கொக்குக் கண்மாயின் கல் மடையில் ஏதோ எழுத்து செதுக்கியிருக்கிறது. பாசி பிடித்துப் போய் வாசிக்க முடியாது. காலை வெயிலில் கரைமேல் நின்றால் மலை முழுவதும் தண்ணீருக்குள் கிடக்கும். அதைப் பார்க்க எத்தனை பஞ்சர் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

மூன்று கண்மாய்களையும் சுற்றிவர ஒரு பாதையைச் சேர்த்தது நான்தான். வண்டித்தடம், வாய்க்கால் கரை, வரப்பு என்று ஒவ்வொரு துண்டாக, ஒவ்வொரு நிலத்துக்காரரிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தேன். இரண்டு வருடம் ஆனது. கடைசியில் ஒரே ஓர் இடம் பாக்கி. கொக்குக் கண்மாய்க் கரையில் ஏற வேண்டுமென்றால் செல்லத்தாய் அக்காவின் மாந்தோப்பு வழியாகத்தான் போக வேண்டும். தோப்புக்கு இரும்பு கேட் உண்டு. சாவி அக்காவின் இடுப்பில் இருக்கும்.

அக்கா லேசில் விடவில்லை. காரணம் இருந்தது. தை பிறந்தால் அந்தக் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் வக்காவும் கூடு கட்டும். குஞ்சுகள் பறக்கும்வரை அந்த ஊரில் வெடி கிடையாது, கொட்டு கிடையாது. கல்யாண ஊர்வலம்கூடக் கண்மாயை ஒட்டிய வண்டித்தடத்துக்கு வந்ததும் மேளத்தை நிறுத்திவிட்டு நடந்துதான் தாண்டும். சத்தம் கேட்டு ஒருமுறை கலைந்தால் தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பாது என்பார்கள்.

நான் மூன்றாவது முறை போய்க் கேட்டபோது அக்கா என் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மணி இருக்கே தம்பி."

"அடிக்க மாட்டேங்க்கா."

"மேடு பள்ளத்துல அதுவா அடிக்கும்லா? கழட்டி வச்சிட்டுப் போங்க. வரும்போது மாட்டிக்கிடலாம்."

அங்கேயே கழற்றினேன். அக்கா அதை வாங்கித் தன் வீட்டு ஜன்னலில் வைத்தார். அடுத்த வாரம் பாண்டிச்செல்வத்தைக் கூட்டிப் போனேன். அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இது யாரு?"

"என் கூட்டாளிக்கா. பட்டாளத்துல இருந்தவரு. என்னைய எப்படி நம்புறீகளோ அப்படி இவரையும் நம்பலாம். நான் பொறுப்பு."

நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அவன் மணியும் ஜன்னலுக்குப் போனது. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மணிகளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நாங்கள் சுற்றிவிட்டு வந்து மாட்டிக்கொள்வோம். பிறகு மாட்டுகிற வேலையே வேண்டாமென்று அங்கேயே விட்டுவிட்டோம்.

இந்த மாசியில் என் மச்சினிச்சி பர்வீனுக்குக் கடையநல்லூரில் நிக்காஹ். அந்த ஞாயிறு வரமாட்டேன் என்று பாண்டிச்செல்வத்திடம் ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தேன். "போய்ட்டு வா மாப்ள, எனக்கும் சேத்து பிரியாணி சாப்பிடு" என்று சிரித்தான். பாவி, சிரித்தான்!

திங்கட்கிழமை கடையில் என் தம்பி ஜாபிர் போனை நீட்டினான்.

"அண்ணே, ஒங்க கண்மாய்தான இது? கூட்டத்தப் பாருங்க."

பார்த்தேன். கொக்குக் கண்மாய்க் கரையில் அறுபது பேர், ஒரே மாதிரி பச்சைச் சட்டை. மதுரையிலிருந்தும் எங்கெங்கிருந்தோ எல்லாம் வந்தவர்கள். ஒருவர் சைக்கிளில் பாட்டுப்பெட்டி கட்டியிருக்கிறது. தலைக்கு மேல் ட்ரோன் பறக்கிறது. முன்னால் விசில் ஊதிக்கொண்டு பாண்டிச்செல்வம். கீழே எழுதியிருந்தது: 'மலையடிவார ஏரிப் பாதை. கண்டுபிடித்து வழிநடத்துபவர், முன்னாள் ராணுவ வீரர் பாண்டிச்செல்வம்.'

கண்டுபிடித்தானாம்!

கூடவே பாதையின் வரைபடமும் இருந்தது. அதில் இரண்டாவது கண்மாய்க்கு முன்னால் ஒரு சின்ன வால் மாதிரி கோடு வயலுக்குள் போய்த் திரும்பி வருகிறது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாதையை முதன்முதலாகப் போனில் பதிவு செய்த அன்று என் டயர் பஞ்சர். ஓட்டை எங்கே என்று தண்ணீரில் முக்கிப் பார்க்க, அந்த வயல்காரர் சிவனாண்டி அண்ணனின் பம்ப்செட் தொட்டிவரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினேன். அந்த வால் அதுதான். நான் அவனுக்கு அனுப்பியிருந்த பதிவை அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கிறான். வீடியோவில் அறுபது பேரும் ஒழுங்காக சிவனாண்டி அண்ணனின் நெல் வரப்பை மிதித்துக்கொண்டு பம்ப்செட்வரை போய், தொட்டியைப் பார்த்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் செல்ஃபி எடுத்துத் திரும்புகிறார்கள்.

போன் போட்டேன்.

"ஏலே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

"மாப்ள, நீ கோவப்படுவன்னு தெரியும். அதான் முன்னாடியே சொல்லல. நல்ல விசயந்தானல இது? நம்ம ஊரு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? பட்டாளத்துல இருந்து வந்த பொறவு என்னைய எவன் மதிக்கான்? நேத்து அறுபது பேரு கைதட்டுனாக."

"மாசி மாசம்ல! பறவை கூட்டுல இருக்குல!"

"செத்த நேரம்தான் சத்தம். ஒண்ணும் ஆகாது."

"கேட்டை யாரு தொறந்தா?"

போனை வைத்துவிட்டான்.

கடையை ஜாபிரிடம் விட்டுவிட்டு அப்போதே சைக்கிளை எடுத்தேன். தேவதானம் போய்ச் சேர்வதற்குள் என்னென்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே போனேன். அக்கா, எனக்குத் தெரியாது. அக்கா, நான் ஊரிலேயே இல்லை. இதைச் சொல்லிவிட்டால் அக்கா புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

அக்கா கேட்டுக்கு வெளியே கோணிப்பை ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைக்குள் நாரைக் குஞ்சுகள். இறகு முளைக்காதவை. கூட்டிலிருந்து விழுந்தவற்றைக் கரையோரமாகப் பொறுக்கி வந்திருந்தார். இரண்டுக்கு மட்டும் வாய் அசைந்தது.

"அக்கா, சத்தியமா நான் சொல்லல. நான் நேத்து கடையநல்லூர்ல இருந்தேன்."

"தெரியும் தம்பி. அவனே சொன்னான், நீங்க கல்யாணத்துக்குப் போயிருக்கீகன்னு."

எனக்கு மூச்சு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் அதுவும் போனது.

"ஹபீப் பாய்தான் நாலு பேரக் கூட்டிட்டுப் போகச் சொன்னாரு, ஒங்ககிட்ட நேர்ல சொல்ல முடியலன்னு வருத்தப்பட்டாருன்னான். வேற யாரு பேரச் சொல்லியிருந்தாலும் சாவியத் தொட்டிருக்க மாட்டேன். ஒங்க பேரைச் சொன்னான், தொறந்தேன்."

"அவன் பொய் சொல்லியிருக்கான்க்கா."

"அவன் பொய் சொல்லட்டும். அவன் எனக்கு யாரு?" அக்கா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவனை நம்பலாம்னு சொன்னது யாரு தம்பி? நான் பொறுப்புன்னு சொன்னது யாரு?"

வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சில் ஒன்றுகூட உதவவில்லை. பாண்டிச்செல்வம் என் பாதையைத் திருடியதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் பெயரைச் சாவியாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அதை அவன் கையில் கொடுத்தவன் நான்.

அக்கா உள்ளே போய் ஜன்னலிலிருந்த இரண்டு மணிகளையும் எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. இனிமே இங்க வைக்க வேண்டாம்."

"ஒரு வாரம் கழிச்சு வாரேன்க்கா. பேசுவோம்."

"வேண்டாம் தம்பி. ஒங்கமேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா இனி யாரு பேரைச் சொல்லி யாரு வந்தாலும் இந்தக் கேட்டு தொறக்காது."

பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டார்.

இரண்டு மணிகளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கண்மாயை ஒட்டிய வண்டித்தடத்தில் சைக்கிளை எடுத்தேன். முதல் பள்ளத்திலேயே இரண்டும் மோதிக் கணீரென்று அடித்தன. கருவேல மரங்களில் பாதிக் கூடுகள் வெறுமையாக இருந்தன. மீதியில் நாலைந்து நாரைகள் இன்னும் உட்கார்ந்திருந்தன. அதில் ஒன்று கழுத்தைத் தூக்கி என் பக்கம் பார்த்தது.

இறங்கிவிட்டேன். ஒரு கையால் பையிலிருந்த மணிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தார்ரோடு வரும்வரை நடந்தே போனேன்.