வெண்கட்டிச் சொற்கள்

சில்வெஸ்ரர் குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையே இருபத்தாறு வருடமாகப் பயணிகள் படகு ஓட்டுகிறவர். எங்கே கல், எங்கே மணல் என்று அந்தக் கடலைப் பற்றிக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் பங்குனியில் கொழும்புக் கந்தோரிலிருந்து வந்த ஒரு கடிதம் அவரைக் கலக்கிவிட்டது. படகோட்டிகள் எல்லோரும் வாய்மொழிப் பரீட்சை ஒன்றில் தேறவேண்டும். தேறாதவர் சுக்கானைத் தொடக்கூடாது.

கடிதத்தோடு நாற்பது சொற்களின் பட்டியலும் வந்திருந்தது. எல்லாம் பழைய ஆங்கிலக் கப்பற்சொற்கள். அவற்றில் பத்தைக் கேட்பார்கள். பதிலைத் தமிழில் சொல்லலாம். ஆனால் பத்தும் சரியாக வரவேண்டும்.

"கடலுக்கு என்னைத் தெரியும். இந்தக் கடதாசிக்குத்தான் தெரியாதாம்," என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் உயிர் இல்லை.

அதைக் கவனித்தவள் சிவரூபி. சரவணையிலிருந்து நயினாதீவுத் தபாற்கந்தோருக்குத் தினமும் வேலைக்குப் போகிறவள். அவளுடைய பஸ் பிந்துகிற நாட்களில் சில்வெஸ்ரர் ஐந்து நிமிடம் படகை நிறுத்திவைப்பார். மரக்கறிக் கூடையோடு வரும் சின்னத்தங்கம் அதற்காக ஏசாத நாள் இல்லை. அவர் ஏச்சை வாங்கிக்கொண்டு நிற்பார்.

சிவரூபி பட்டியலை வாங்கிக்கொண்டு போய் அகராதி பார்த்து எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு கிழமை போனது. சில்வெஸ்ரர் தலையில் ஒன்றும் ஏறவில்லை.

"ஏலாது தங்கச்சி. கொப்பியைத் திறந்தால் பள்ளிக்கூடத்திலை வாங்கின அடிதான் ஞாபகம் வருது."

மறுநாள் அவள் கைப்பையில் வெண்கட்டி இருந்தது. படகின் மேல்விளிம்பில் 'கன்னல்' என்று எழுதினாள்.

"இங்கிலீசிலை 'கன்' எண்டால் பீரங்கி. அந்தக் காலத்திலை அதைத் தாங்கின விளிம்பாம் அண்ணை. அதாலை வந்த பேர்."

"இப்ப வயசுபோன சனத்தின்ரை கையைத் தாங்குது. இதுதான் நல்ல வேலை," என்றார் சில்வெஸ்ரர். அந்தச் சொல் அன்றே அவருக்குள் இறங்கிவிட்டது.

கன்னலுக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட உயரத்தில் 'ஃபிறீபோட்'. அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் 'பில்ஜ்'. வலப்பக்கத்தில் 'ஸ்ரார்போட்': முன்னொரு காலத்தில் சுக்கானுக்குப் பதிலாகத் துடுப்புக் கட்டிய பக்கம். மாத்தறையிலிருந்து நயினாதீவுப் புத்த விகாரைக்கு வந்த ஒரு பெரியவர் துறைமுகத்தில் வேலை செய்தவராம். 'லீ' என்றால் காற்றுப் படாத ஒதுக்குப்பக்கம் என்பதைத் தன் குடையை விரித்து மறைத்துக் காட்டினார். அவருடைய சிங்களம் சில்வெஸ்ரருக்குப் பாதிதான் விளங்கியது. குடை முழுதாக விளங்கியது.

கடல் நீர் தினமும் எழுத்தை அழித்தது. சிவரூபி தினமும் எழுதினாள்.

ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. ஃபாதம்.

"இது வள்ளத்திலை இல்லை அண்ணை, ஆளிலைதான் இருக்கு. கையிரண்டையும் விரிச்சால் வாற நீளம். எங்கடை ஆக்கள் ஆழம் அளக்கேக்கை 'பாகம்' எண்டு சொல்லுறது இதைத்தான். ஆதியிலை அணைக்கிறதெண்டு கருத்தாம். இதை எங்கை எழுதுறது?"

"நான் போட்டிருக்கிற சேட்டிலை எழுதும்."

"பெண்சாதி தோய்ச்சால் பரீட்சையும் சேர்ந்து போயிடும் தம்பி!" என்று சின்னத்தங்கம் சொல்லப் படகு முழுக்கச் சிரித்தது. அந்தச் சொல் எழுதப்படாமலே போயிற்று.

பரீட்சையன்று காலை சிவரூபி வெண்கட்டியை எடுத்தாள்.

"இண்டைக்கு எழுதாதேயும். பார்த்துச் சொன்னனான் எண்டு வரக்கூடாது," என்று சில்வெஸ்ரர் தாமே ஈரத்துணியால் பழைய எழுத்துகளையும் துடைத்தார்.

குறிகட்டுவான் துறையில் கட்டியிருந்த படகிலேயே பரீட்சை நடந்தது. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். சில்வெஸ்ரர் அந்தந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பதில் சொன்னார். ஒன்பதும் சரி.

"ஃபாதம்?"

சில்வெஸ்ரர் படகை மேலும் கீழும் பார்த்தார். அந்தச் சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

துறையில் நின்ற சிவரூபியின் கைகள் தாமாக விரியப் பார்த்தன. அவள் கைப்பையை இறுக அணைத்துக்கொண்டு, கடலுக்கு அப்பால் தெரிந்த நயினாதீவு அம்மன் கோபுரத்தை நோக்கிக் கண்ணை மூடினாள்.

"ஒரு நிமிடம் தருகிறேன்," என்றார் அதிகாரி.

அப்போது துறையில் படகுக்குக் காத்துநின்ற கிருசாந்தி என்ற பெண், காய்ச்சல்கார மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெயில் தாங்காமல் படகில் இறங்கக் கால் வைத்தாள். அலை ஒன்று படகை விலக்கியது. அவள் கால் வெறுங்காற்றில் தொங்கியது.

"ஐயோ, பிள்ளை!" என்று துறையில் நின்றவர்கள் கத்தினார்கள்.

சில்வெஸ்ரர் பாய்ந்தார். பரீட்சையும் அதிகாரியும் அவர் நினைவில் இல்லை. இரண்டு கையையும் அகல விரித்துத் தாயையும் பிள்ளையையும் சேர்த்து அணைத்துப் படகுக்குள் இறக்கினார்.

"லீ பக்கமா இரும் பிள்ளை, காத்து அடியாது," என்றார்.

பிறகு நிமிர்ந்தார். கைகள் இன்னும் விரிந்தபடியே இருந்தன. வலக்கையைப் பார்த்தார். இடக்கையைப் பார்த்தார். முகம் விடிந்தது.

"ஐயா, இதுதான் ஃபாதம்! இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் இடையிலை உள்ளது. நாங்கள் பாகம் எண்டுவம். ஆதியிலை அணைக்கிறதெண்டு கருத்து!"

அதிகாரி பேனாவை மூடாமல் அவரையே பார்த்தார். "அணைக்கிறது... அது எனக்கு வந்த புத்தகத்தில் இல்லை," என்றார். பிறகு அதையும் எழுதிக்கொண்டு கீழே கையொப்பம் வைத்தார். "பத்தும் சரி."

துறை அதிர்ந்தது. யாரோ விசிலடித்தார்கள். சில்வெஸ்ரர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். சிவரூபி கண்ணைத் துடைத்தாள். கடவுள் எந்தக் கோபுரத்தின் கீழ் நின்று கேட்டாரோ, கேட்டது நிச்சயம்.

"இனிப் பெரிய ஆள். நாளைக்கு இவளின்ரை பஸ் பிந்தினால் காத்திருப்பியோ தம்பி?" என்றாள் சின்னத்தங்கம்.

"ஓம். ஐஞ்சு நிமிசம்."

"அப்ப நான் ஏசுவன்."

"ஏசுங்கோ அக்கா," என்று சொல்லிச் சில்வெஸ்ரர் சுக்கானைப் பிடித்தார். அன்று நயினாதீவு போய்ச் சேரும்வரை அவர் அடித்த படகு ஹோர்னின் சத்தம் ஓயவே இல்லை.