வாலில்லாத பைல்

2008ஆம் ஆண்டு, யுத்த காலம். கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த றமீஸாவின் இன்டர்நெட் கடைக்குக் கமலாசனி டீச்சர் வந்தது, மகன் உயிரோடு இருக்கிறானா என்று அறியத்தான். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் வாடகை அறையில் இருந்தார். படகேறி இந்தியாவுக்குப் போகிறேன் என்ற மகனிடமிருந்து வைகாசிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. இப்போது அவனுடைய சிநேகிதன் ஈமெயிலில் ஒரு பைல் மட்டும் அனுப்பியிருந்தான்.

அதுவோ திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. பெயருக்குப் பின்னால் புள்ளியும் மூன்று எழுத்தும் இருக்கவேண்டிய இடம் மொட்டை.

"படமா பாட்டா, ஒண்டும் வெளங்குதில்ல டீச்சர்," என்றாள் றமீஸா. வேர்டில் திறந்தாள், கட்டம் கட்டமாகக் குப்பை. நோட்பேடிலும் குப்பைதான், ஆனால் முதல் வரியில் ஏ, எம், ஆர் என்று மூன்று எழுத்துகள் தெளிவாக நின்றன. "ஆ! இது போன்ல பதிஞ்ச குரல்." அந்த எழுத்துகளையே பெயருக்கு வாலாக ஒட்டிவிட்டு, அதற்கான மென்பொருளை இறக்கினாள். இறங்கி முடிவதற்குள் உயிர் போய் வந்தது.

அதற்கிடையில் ஒரு பொலிஸ்காரர் வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். களவாகப் படகேறிய யாழ்ப்பாணத்துப் பெடியன் என்று தெரிந்தால் விசாரணைதான். டீச்சர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் றமீஸா அழுத்திவிட்டாள்.

"அம்மா, நான்தான்..." என்றது ஸ்பீக்கர், கடை முழுக்கக் கேட்க.

"நிப்பாட்டு பிள்ளை! இது என்ர இல்லை. இந்தப் பெடியன் ஆரெண்டே எனக்குத் தெரியாது!" போதாதென்று அதையே சிங்களத்திலும் உரக்கச் சொன்னார்.

பொலிஸ்காரர் திரும்பவேயில்லை. கடையில் இருந்த ஒரே ஹெட்போன் அவர் காதில். கிரிக்கெட் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் கூசிப்போனார். பெற்ற பிள்ளையை, அதுவும் யாருக்காக? றமீஸாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

பொலிஸ்காரர் எழுந்து போனபின், றமீஸா ஹெட்போனைத் துடைத்து டீச்சரிடம் கொடுத்தாள்.

"அம்மா, நான்தான். கரை சேந்திட்டன், சுகமா இருக்கிறன். ஒண்டு சொல்லோணும். அங்க ஆரும் வந்து கேட்டா, என்னைத் தெரியாதெண்டு சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவரிடம் யாருமே கேட்கவில்லை.