ரிஜெக்ட் டப்பாவில் கிடந்த ஸ்விட்ச்

ஐந்து கோடி முறை அழுத்தினாலும் தாங்கும் என்று கீபோர்டு ஸ்விட்ச் டப்பாவின்மேல் அச்சடித்திருப்பான். எவன் உட்கார்ந்து எண்ணினான்? நான் எண்ணியிருக்கிறேன். பழைய டேபிள்டாப் கிரைண்டரின் மோட்டாரில் ஓர் இரும்பு விரலைப் பொருத்தி, கூடவே ஒரு கவுண்டரையும் மாட்டி, சிங்காநல்லூரில் என் மாடி அறையில் நாள் முழுக்க ஓடவிட்டிருக்கிறேன். சிலது பத்தாயிரத்திலேயே பல்லிளித்துவிடும்.

பம்பு மோட்டார் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். பாக்கியராஜ் கையெழுத்துப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு லாரியில் ஏற்றலாம் என்பார்கள். வேலையை விட்ட பிறகு, கேட்பவர்களுக்குக் கைப்பட கீபோர்டு செய்து தருகிறேன். ஒரு போர்டுக்கு, பட்டனுக்கு ஒன்றாக, அறுபத்தெட்டு ஸ்விட்ச். ஒவ்வொன்றையும் பிரித்து, உள்ளே பிரஷ்ஷால் கிரீஸ் தடவி, மூடி, காதோரம் வைத்து அழுத்திக் கேட்ட பிறகுதான் போர்டில் ஏற்றுவேன். தேறாதது ரிஜெக்ட் டப்பாவுக்குப் போகும்.

பெங்களூர்க்காரனும் புனேக்காரனும் போனில் கேட்டுக் கூரியரில் வாங்கிக்கொள்வார்கள். போர்டு பிடித்திருந்தால் ஒரு கட்டைவிரல் படம் வரும், அத்தோடு சரி. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் நிற்பவர் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். சில வாரங்களை அந்த ஒரு சிரிப்பை வைத்தே ஓட்டியிருக்கிறேன். சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

அப்படி இருக்கும்போதுதான் செங்கோடன் அண்ணன் படியேறி வந்தார். பல்லடத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர். டைப்ரைட்டரில் பழகிய கை. சம்மட்டி அடிப்பதுபோல் அடிப்பார். கடையில் வாங்கும் கீபோர்டெல்லாம் அவரிடம் ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை.

"ஏனுங்க, என் அடியைத் தாங்கறாப்பல ஒண்ணு செஞ்சு தருவீங்களா?" என்றார்.

விதவிதமான ஸ்விட்ச்சுகளை ஒரு பலகையில் பதித்து அவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். "இது வெண்டைக்காய் ஒடிக்கற மாதிரி இருக்குதுங்க" என்றார். இன்னொன்றை அழுத்திவிட்டு, "இது எங்க மாமியார் மாதிரிங்க, அழுத்துனா சத்தமே வராது, ஆனா திருப்பித் தள்ளும்" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் அந்த அறையில் எனக்கே புதிதாக இருந்தது.

மத்தியானம் ரசமும் முட்டைப் பொரியலும் வைத்திருந்தேன். வேண்டாம் வேண்டாம் என்றவரை உட்கார வைத்தேன். ஒரு தென்னை மரம் யாருக்கு என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் பத்திர ஆபீஸ் வாசலிலேயே கட்டிப் புரண்ட கதையைச் சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். சார் என்று ஆரம்பித்தவர் கை கழுவும்போது தம்பி என்றார். பாதி வேலை ஆனதும் ஒருமுறை வந்து அடித்துப் பார்த்தார். அன்றைக்கும் சாப்பிட்டார். அடுத்த முறை வந்தால் போர்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதன்பிறகு அவருக்கு என்னிடம் என்ன வேலை? நான் செய்த போர்டு பத்து வருடம் உழைக்கும்.

வேலியே பயிரை மேய்ந்தது அப்போதுதான். ரிஜெக்ட் டப்பாவைத் திறந்து ஒரு ஸ்விட்ச்சை எடுத்தேன். உள்ளே இருக்கும் செம்புத் தகடு மயிரிழை அளவு வளைந்திருந்தது. இந்த மாதிரித் தகடு இருபதாயிரம் அழுத்தம் வரை ஒழுங்காக இருக்கும். அப்புறம் ஒரு தட்டு தட்டினால் இரண்டு தட்டாக விழும். எங்கே வைப்பது என்று யோசித்தேன். எண்ணில் வைத்தால் சர்வே நம்பர் மாறும், ஊரான் நிலம் போகும். எழுத்தில் வைத்தால் பத்திரத்தில் ஆள் பெயர் கெடும். எண்டரில் வைத்தால் ஒரு வரி கூடுதலாக இறங்கும், அவ்வளவுதானே. ஒரு நாளைக்கு நானூறு தட்டு என்று வைத்தாலும் ஐம்பதே நாள். மனிதர் தானாகத் திரும்பி வருவார். போர்டை வாங்கிக்கொண்டு அவர் கும்பிட்டபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஐம்பதாவது நாள் ரசத்துக்குப் புளி கரைத்து வைத்தேன். அவர் வரவில்லை. அறுபது, எழுபது என்று நாள் போனது. கெட்டுப்போகக்கூட ஒழுங்காகத் தெரியாத ஸ்விட்ச் என்று அதே ரகத்தில் இன்னொன்றை எடுத்து மோட்டாரில் ஓடவிட்டேன். கவுண்டரில் பத்தொன்பதாயிரத்துச் சொச்சத்தில் அது ஒரு தட்டுக்கு இரண்டாக விழ ஆரம்பித்தது. என் கணக்குத் தப்பவில்லை. போன் செய்து, "போர்டு எப்படிங்கண்ணா இருக்குது?" என்று கேட்டேன். "அருமைங்க தம்பி" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

ஆறாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நல்ல ஸ்விட்ச் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பல்லடம் பஸ் ஏறினேன்.

அறை வாசலில் என்னைப் பார்த்ததும் செங்கோடன் அண்ணன் மேஜைமேல் இருந்த தினசரியைச் சட்டென்று இழுத்து எதையோ மூடினார். பேப்பருக்கு அடியிலிருந்து ஒரு மலிவுக் கீபோர்டின் வயர் எட்டிப் பார்த்தது.

"அட, வாங்க தம்பி! ஒரு போன் பண்ணியிருந்தா நானே பஸ் ஸ்டாப்புக்கு வந்திருப்பேனுங்களே."

"நம்ம போர்டு எங்கண்ணா?"

திருடிய பிள்ளைபோல் விழித்தார். பிறகு பீரோவைத் திறந்து, துண்டில் சுற்றி வைத்திருந்த என் போர்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ரெண்டு மாசத்துல எண்டர் பட்டன் ரெட்டையா உழுக ஆரம்பிச்சுதுங்க. கிரயப் பத்திரத்துல நடுவால காலி வரி இருந்தா, பின்னால எவனாச்சும் எதையாச்சும் நுழைச்சுப்போடுவான். அதுதான் எடுத்து வெச்சுப்போட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"எப்படிங்க சொல்றது? ஒவ்வொண்ணையும் காதுல வெச்சுக் கேட்டுக் கேட்டுச் செஞ்சீங்க. உங்க ஊட்டுல கை நனைச்சுப்போட்டு, உங்க வேலையிலயே குத்தம் சொல்றதுங்களா?" துண்டை மடித்துக்கொண்டே தொடர்ந்தார். "உங்களைப் பாக்கோணும்னு நாலஞ்சு ஞாயித்துக்கிழமை கெளம்புனேனுங்க. ஒருக்கா பாதி வழி, சூலூர் வரைக்கும் வந்துபோட்டுத் திரும்பிட்டேன். வந்தா மொதல்ல போர்டைத்தான் கேப்பீங்க. போன்ல சொல்லிப்போட்டேன், நேர்ல மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல வராதுங்க."

வேறு வேலையே இல்லாமல், என்னைப் பார்ப்பதற்காகவே ஒரு மனிதர் சூலூர் வரை வந்திருக்கிறார். அவரை அங்கிருந்து திருப்பி அனுப்பியது நான் வைத்த ஸ்விட்ச்.

எண்டர் கீயைக் கழற்றி, ஸ்விட்ச்சைப் பிடுங்கி, நல்லதைச் சொருகினேன். ஒரு நிமிட வேலைதான். அவர் தட்டிப் பார்த்தார். ஒரே வரிதான் இறங்கியது.

"அடேங்கப்பா! இத்தனூண்டு வேலைதானுங்களா? உங்க கண்ணுக்கே ஒண்ணு தப்பிச்சுப்போட்டுது பாருங்க. சரி விடுங்க, இனிப் பத்து வருசத்துக்கு உங்களுக்கு என்னால தொந்தரவே இல்லீங்க" என்று சிரித்தார்.

அந்தப் பத்து வருடத்தைக் கேட்டதும் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"தப்பிக்கலீங்கண்ணா. நாந்தான் வெச்சேன். கெட்டுப்போகும்னு தெரிஞ்சேதான் வெச்சேன். நீங்க மறுபடியும் வரோணும்னு."

அவர் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரலை எடுத்து மேல் வரிசையில், எண்களின்மேல், அழுத்தாமல் மெதுவாக ஓட்டினார்.

"மத்த பட்டனெல்லாம் நல்லதுதானுங்களா, தம்பி?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எண்ணில் ஒன்று தப்பாக விழுந்தால் யாரோ ஒருவரின் நிலம் போகும், கேட்கத்தானே வேண்டும். மற்ற அறுபத்தேழும் நான் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பொறுக்கியவை. என் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமாக எதையும் பாஸ் பண்ணியதில்லை.

"நல்லதுங்கண்ணா" என்றேன்.

"சரிங்க" என்றார்.

டீ வாங்கிக் கொடுத்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்து, நேரம் கிடைக்கும்போது வரச் சொன்னார். நானும் அவரை வரச் சொன்னேன். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் இன்னும் கிளம்பவில்லை, எதிரே அவர் அறை நன்றாகத் தெரிந்தது. செங்கோடன் அண்ணன் ரோட்டைக் கடந்து அறைக்குள் போய், என் போர்டை ஓரமாக நகர்த்திவிட்டு, பேப்பருக்கு அடியிலிருந்த மலிவுக் கீபோர்டை முன்னால் இழுத்துப் போட்டு அடிக்க ஆரம்பித்தார்.