சாவி, ஆறு, தொப்பி, குதிரை, மஞ்சள்

“சாவி, ஆறு, தொப்பி, குதிரை, மஞ்சள்.”

“இப்படிக் கடகடன்னு ஒப்பிக்காதீங்க. மனப்பாடம் பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கு.”

“மனப்பாடம்தானே டீச்சர் பண்ணியிருக்கேன்?”

“அது நமக்குத் தெரிஞ்சா போதும். தொப்பிக்கு அப்புறம் கொஞ்சம் நிறுத்துங்க. மோட்டுவளையைப் பார்த்து யோசிக்கிற மாதிரி முகத்தை வெச்சுக்குங்க. எங்க, இன்னொரு தடவை.”

அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சட்டையின் மூன்றாவது பொத்தானில் விரல் அப்படியே நின்றது. பேசினால் பொத்தான் போட முடியாது, பொத்தான் போட்டால் பேச முடியாது. இரண்டுக்கும் சேர்த்து மூச்சு போதாது. டீச்சர் பொத்தானைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். வாய்க்கு மட்டும் வேலை மிச்சம் வைத்தாள்.

கட்டிய கணவரே ‘டீச்சர்’ என்று கூப்பிட்டால் வேறு யார் பெயர் சொல்லப்போகிறார்கள்? முப்பத்தாறு வருஷம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள் அவள். இதுக்கெல்லாம் மண்டையில் ஏறாது என்று மற்றவர்கள் கைகழுவிவிட்ட பிள்ளைகளை முதல் பெஞ்சில் உட்காரவைத்து, தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி, பாஸாக்கி அனுப்பிவிடுவாள். “என் வகுப்பில ஒரு பிள்ளைகூட ஃபெயில் ஆனதில்ல” என்று சொல்லும்போது மட்டும் இன்றைக்கும் அவளுக்கு முதுகுவலி தெரியாது. மற்ற நேரமெல்லாம் தெரியும்.

அவர் வெல்டர். காற்று நுழைய வழியில்லாத ஷெட்டில் நாற்பது வருஷம் புகையைத் தின்றார். அது போதாதென்று சிகரெட் வேறு. நுரையீரல் எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கும்? இப்போது மூக்கில் குழாய், தோள்பையில் ஆக்சிஜன் சிலிண்டர். அந்தப் பையைச் சுமப்பதும் டீச்சர்தான். அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை எடுத்துக் கொடுத்து, மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று கூட்டிப்போய்... அலுத்துப்போய்விட்டது. அதை வாய்விட்டுச் சொல்லவும் அலுப்பாக இருந்தது.

இந்தப் பாடம் தொடங்கி இரண்டு வருஷமாகிறது. மூச்சு நோய்க்காரர்களுக்கு ஞாபகமும் குறைகிறதா என்று பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய் மூச்சளக்கும் குழாயில் ஊத வேண்டும், பிறகு ஐந்து வார்த்தைகளைக் கேட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் தடவை அவர் மூன்றுதான் சொன்னார். குதிரையும் மஞ்சளும் வரவே இல்லை. அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி, “டீச்சர், நான் என்ன மக்கா?” என்று கேட்டார். வெல்டிங் பொறி கண்ணில் பட்ட அன்றுகூட ஐயோ என்று சொல்லாத மனுஷர். அந்தக் குரலை அவளால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டை எடுத்து, காதில் விழுந்த ஐந்து வார்த்தைகளையும் எழுதி வைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். அடுத்த மூன்று தடவையும் அதே பட்டியல், ஐந்துக்கு ஐந்து. சோதனை நடத்தும் ஆராய்ச்சிப் பெண் கைதட்டாத குறை. வெளியூரில் இருக்கும் மகளிடம் டீச்சர் போனில் பெருமை பிடிபடாமல் சொன்னாள்: “அப்பாவுக்கு என்னடி? ஃபுல் மார்க்!”

வீட்டில் அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு மறந்து போவார். மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜுக்குள் இருக்கும். செத்து ஒன்பது வருஷமான தம்பி இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்ப்பார். டீச்சர் குழாயை மூடினாள், கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள், “தம்பி நாளைக்கு வருவாரு” என்றாள். வயசானால் இதெல்லாம் சகஜம் என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள். ஃபுல் மார்க் வாங்குகிறவருக்கு வேறு என்ன வந்துவிடப்போகிறது?

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. எப்போதுதான் செய்தது? இரண்டாவது மாடிக்கு ஏறுவதற்குள் அவருக்கு உதடு நீலமாகிவிட்டது, அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. வெளியே பெஞ்சில் வழக்கமான தாளைக் கொடுத்தார்கள், வீட்டில் இருப்பவர் நிரப்ப வேண்டியது. பொருளை வைத்த இடம் மறக்கிறாரா? கேட்டதையே திரும்பக் கேட்கிறாரா? தெரிந்தவர்களை மறக்கிறாரா? பன்னிரண்டு கேள்விகள். இல்லை, இல்லை, இல்லை என்று அரை நிமிஷத்தில் டிக் அடித்துக் கொடுத்தாள்.

உள்ளே ஆராய்ச்சிப் பெண் ஊதும் குழாயை நீட்டினாள். முப்பது வயசுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“ஐயா, நல்லா இழுத்து ஊதுங்க. ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க... விட்டுடாதீங்க...”

அவர் ஊதினார். முகம் சிவந்து கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். திரையில் கோடு எழும்பியதும் படுத்துவிட்டது. அந்தப் பெண் எண்ணைக் குறித்துக்கொண்டாள். போன தடவையைவிடக் குறைவு என்று டீச்சருக்குத் தலைகீழாகவே படிக்கத் தெரிந்தது. போகட்டும், அடுத்த பேப்பரில் தூக்கிவிடலாம்.

“இப்ப ஞாபகச் சோதனை. நான் சொல்றதைக் கவனமா கேளுங்க ஐயா. ரயில், முட்டை, மலை, கதவு, நீலம்.”

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“என்னம்மா, வார்த்தை மாறியிருக்கு?”

“ஆமாம்மா. ரொம்ப நாளா ஒரே பட்டியலையே வெச்சிருந்தோம். மாத்தச் சொல்லி இந்தத் தடவைதான் புதுத் தாள் வந்துச்சு. ஐயா, திருப்பிச் சொல்லுங்க.”

அவர் ரயில் என்றார், முட்டை என்றார், பாவம், மலையும் சொன்னார். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள் அந்தப் பெண். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு வரை வந்தார். அதற்குமேல் தேதி, கிழமை, கடிகாரப் படம். டீச்சர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ரயில், முட்டை, மலை என்று உதட்டை அசைத்துப் பார்த்தாள். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வியை வைத்துவிட்டார்களே என்று அவளுக்கு அந்தப் பெண்மீது ஆத்திரமாக வந்தது.

“ஐயா, கொஞ்ச நேரம் முன்னாடி அஞ்சு வார்த்தை சொன்னேனே, ஞாபகம் இருக்கா?”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மோட்டுவளையைப் பார்த்தார். காலையில் அவள் சொல்லிக் கொடுத்தபடியே, அப்படியே, ஒரு பிசகில்லாமல் யோசிக்கிற முகத்தை வைத்துக்கொண்டார்.

“சாவி... ஆறு... தொப்பி...” நிறுத்தினார். “குதிரை. மஞ்சள்.”

சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். எத்தனை பிள்ளைகளிடம் பார்த்த சிரிப்பு அது!

ஆராய்ச்சிப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அம்மா, வீட்டுல சொல்லிக் கொடுத்தீங்களா?”

“ஆமா, கொடுத்தேன். அதுல என்ன தப்பு? மூணே வார்த்தை சொன்ன அன்னைக்கு அவர் முகத்தைப் பார்த்தியா நீ? அவரை மக்குன்னு நீங்க தாளில எழுதுவீங்க, நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?”

“யாரும் மக்குன்னு எழுதலைம்மா.” அந்தப் பெண்ணின் குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பு இல்லாத மாதிரி இருந்தது. “ஞாபகம் குறையுதுன்னு தெரிஞ்சா டாக்டர் அடுத்த சோதனைக்கு அனுப்புவாரு. தூங்கும்போது ஆக்சிஜன் இறங்குதான்னு பார்ப்பாங்க. இறங்கினா ராத்திரிக்கு மெஷின் வைப்பாங்க. ஐயாவுக்கு ரெண்டாவது தடவையிலேர்ந்து அஞ்சுக்கு அஞ்சு. நீங்க கொடுத்த தாள்லயும் ஒரு குறையும் இல்ல. அதனால அனுப்பவே இல்ல.”

கணக்கு அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றரை வருஷம். ஐந்நூற்று நாற்பத்தேழு ராத்திரி. பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவர் மூச்சு நின்று நின்று வருவதைக் கேட்டுக்கொண்டு, ஃபுல் மார்க்கை நினைத்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

“அன்னைக்கே அனுப்பியிருந்தா... இப்படி ஆகியிருக்காதாம்மா?”

“அதை யாராலும் சொல்ல முடியாதும்மா. ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம்.” அந்தப் பெண் தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். “மூணு தடவையும் ஒரே வரிசையில சொன்னாரு. எனக்கும் உறுத்துச்சு. வெளியே இன்னும் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தாங்க. நானும் கேட்காம விட்டுட்டேன்.”

யாரைத் திட்டுவது? திட்டத்தான் டீச்சருக்கு நன்றாக வரும், இன்றைக்கு அதுவும் வரவில்லை. ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் அழவில்லை.

“வெளியே நான் ஒரு தாள் நிரப்பிக் கொடுத்தேனே, அதைத் திருப்பிக் கொடும்மா.”

“எதுக்கும்மா?”

“தப்பா எழுதிட்டேன்.”

அந்தப் பெண் புதுத் தாளாகவே கொடுத்தாள். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து படித்தாள். பொருளை வைத்த இடம் மறக்கிறாரா? அடிக்கடி. கேட்டதையே திரும்பக் கேட்கிறாரா? அடிக்கடி. தெரிந்தவர்களை மறக்கிறாரா? இங்கே பேனா நின்றது. போன மாதம் ஒரு காலையில் அவர் அவளையே உற்றுப் பார்த்து, “நீங்க எந்த ஸ்கூல் டீச்சர்?” என்று கேட்டிருந்தார். கிண்டல் பண்ணுகிறார் என்று சிரித்துவிட்டுப் போயிருந்தாள். சில சமயம் என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். பன்னிரண்டாவதை முடித்து, கீழே கையெழுத்துப் போட்டு, தாளை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

“டாக்டர் இன்னைக்கே பார்ப்பாரா?”

“நானே கொண்டுபோய்க் கொடுக்கறேம்மா. இருங்க.” அந்தப் பெண் தாளோடு எழுந்து போனாள்.

அவர் இதையெல்லாம் கவனித்தாரோ இல்லையோ, மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

“என்ன டீச்சர், பாஸா?”

முப்பத்தாறு வருஷத்தில் ஒரு பிள்ளையிடமும் சொல்லாத வார்த்தை. அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

“ஃபெயில்ங்க.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு நாற்காலியில் மெல்லச் சாய்ந்து, இருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டார்.

“அப்பாடா! அப்போ இனிமே காலையில படிக்க வேணாமில்ல?”

“வேணாம்.”

“பேசிப் பேசி நெஞ்சு வலிக்குது டீச்சர். உனக்காகத்தான் படிச்சேன்.”

அவள் அவருடைய சட்டையைப் பார்த்தாள். காலை அவசரத்தில் மூன்றாவது பொத்தானை நான்காவது துளையில் மாட்டியிருந்தாள். கழற்றி, ஒவ்வொன்றாக, சரியாகப் போட்டுவிட்டாள். அவர் பேசாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.